க்ளாக் யாருடையது?

ரவுட்டரின் சிங்க்ரனஸ் சீரியல் போர்ட்டை இயங்கவைக்கத் தட்ட வேண்டிய கட்டளைகள் நாலைந்து வரிக்கு மேல் போகாது. ஐபி முகவரி ஒரு வரி, என்கேப்சுலேஷன் ஒரு வரி, பேண்ட்வித் ஒரு வரி, கடைசியில் போர்ட்டைத் திறந்துவிடும் 'நோ ஷட்டவுன்'. விரல் பழகியவருக்கு இரண்டு நிமிட வேலை. அதே வேலை சில இடங்களில் இரண்டு நாளை விழுங்கிவிடும் என்பது லீஸ்டு லைனில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். கட்டளைகள் சரியாக இருக்கும். கேபிள் புதிதாக இருக்கும். மோடத்தில் பச்சை விளக்கு எரியும். இணைப்பு மட்டும் நிற்காது. அந்த இரண்டு நிமிடத்தை இரண்டு நாளாக்குவது எது என்பதே இக்கட்டுரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீரியல் போர்ட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் எதிர்முனையோடு செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின் பதிவு. அந்த உடன்பாடுகளில் முதலாவது நேரத்தைப் பற்றியது: பிட்டுகளை எண்ணும் துடிப்பை யார் தருவது? களத்தில் இதை 'க்ளாக்' என்றே சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன். க்ளாக் யாருடையது என்று கேட்காமல் விசைப்பலகையில் கை வைப்பவர், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தோற்பார்.

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு எடை என்று பார்ப்போம். கம்பியில் ஓடுவது ஏறி இறங்கும் மின்னழுத்தம். அதை எந்தக் கணத்தில் பார்த்து 'இது ஒன்று, இது சுழியம்' என்று குறித்துக்கொள்வது என்பது வாங்கும் முனைக்குத் தெரிய வேண்டும். ரவுட்டரின் கன்சோல் போர்ட் இதை எளிய வழியில் தீர்க்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட். தொடக்க பிட் வந்ததும் வாங்கும் முனை தன் கடிகாரத்தைப் புதிதாக ஓட்டத் தொடங்கும். எட்டு பிட் படித்து முடிப்பதற்குள் அது பெரிதாகப் பிசகிவிடாது. அடுத்த எழுத்துக்கு மறுபடியும் புதிய தொடக்கம். இந்த அசிங்க்ரனஸ் முறையில் இருபக்கக் கடிகாரங்களும் ஓரளவு ஒத்துப்போனால் போதும். ஆனால் எட்டு பிட் செய்திக்குப் பத்து பிட் அனுப்ப வேண்டும். விநாடிக்கு 9,600 பிட் ஓடும் கம்பியில் 960 எழுத்துகள்தான் போய்ச்சேரும். வாடகை கொடுத்து வாங்கிய 64 கிலோபிட் லைனில் ஐந்தில் ஒரு பங்கை இப்படிக் கழித்துவிட யாருக்கும் மனம் வராது. சிங்க்ரனஸ் முறை அந்தத் தொடக்க, முடிவு பிட்டுகளை அடியோடு நீக்கிவிடுகிறது. தகவல் கம்பிக்குப் பக்கத்திலேயே க்ளாக்குக்கென்று தனிக் கம்பி ஓடும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பிட். அனுப்ப எதுவும் இல்லாத நேரத்திலும் வெற்று பிட் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் பிடித்ததற்குக் கொடுக்கும் விலை இதுதான்: இரு முனைகளும் இனி ஒரே துடிப்பில் நடந்தாக வேண்டும்.

துடிப்பைத் தருவது, பெறுவது என்ற பிரிவுக்கே டிசிஇ, டிடிஇ என்று பெயர். மோடம் டிசிஇ, அது தரும். ரவுட்டர் வழக்கமாக டிடிஇ, அது பெறும். சிஸ்கோ ரவுட்டர்களில் இந்த வேடத்தைப் போர்ட்டுக்குக் கொடுப்பது கேபிள்தான். 60 ஊசி கொண்ட ஒரே போர்ட்டில் வி.35 கேபிளையும் செருகலாம், எக்ஸ்.21 கேபிளையும் செருகலாம். ஒவ்வொன்றிலும் டிடிஇ, டிசிஇ என்று இரு வகை உண்டு. கேபிளுக்குள் எந்த ஊசி எதோடு இணைந்திருக்கிறது என்பதை வைத்துப் போர்ட் தன் வேடத்தை அறிந்துகொள்ளும். 'ஷோ கண்ட்ரோலர்ஸ் சீரியல்' என்று தட்டினால் தான் கண்ட கேபிளின் பெயரைச் சொல்லும். வி.35, டிடிஇ என்று வந்தால் நல்லது. கேபிளே இல்லை என்று வந்தால் அதற்கு மேல் தட்டுவதெல்லாம் வீண். வி.35 என்ற பெயரே நம் தொழிலைப் பற்றி ஒரு பாடம் சொல்கிறது. அது முதலில் 48 கிலோபிட் மோடத்துக்காக எழுதப்பட்ட பரிந்துரை. 1988-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதன்பிறகும் பல ஆண்டுகள், உலகம் முழுவதும் 2 மெகாபிட் இணைப்புகள் அந்த 34 ஊசி இணைப்பானின் வழியாகவே ஓடின. ஏட்டில் இல்லாத ஒன்றைத் தயாரிப்பாளர்களும் களத்துக்காரர்களும் வழக்கத்தால் காப்பாற்றி வந்தார்கள். வழக்கத்தால் நிற்கும் உடன்பாட்டை ஒவ்வோர் இடத்திலும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், 'எல்லாம் வி.35 தானே' என்று விட்டுவிட முடியாது.

மோடம் க்ளாக் தருகிறது என்றால் மோடத்துக்கு அது எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் வேலை அறையை விட்டு வெளியே போய்விடுகிறது. 64 கிலோபிட் என்ற எண்ணே தொலைபேசிக் குரலிலிருந்து பிறந்தது: குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டாக எழுதினால் 64,000. அப்படி 32 இடங்களை அடுக்கினால் 2,048 கிலோபிட். இந்தியா பின்பற்றும் இ1 அதுதான். ஒரு ஃபிரேமில் 256 பிட், விநாடிக்கு 8,000 ஃபிரேம். இந்த அடுக்குக்குள் ஓர் இடத்தை வாடகைக்கு எடுப்பதுதான் 64 கிலோபிட் லீஸ்டு லைன். பிஎஸ்என்எல்லின் எம்எல்எல்என் போன்ற வலையமைப்பில் 64-இன் மடங்குகளாக வேகத்தை வாங்கலாம். அடுக்கில் உள்ள எல்லா இடங்களும் ஒரே துடிப்பில் நகர வேண்டும் என்பதால் எக்ஸ்சேஞ்ச் தனக்கு மேலுள்ள எக்ஸ்சேஞ்சிடமிருந்து க்ளாக் வாங்குகிறது; அது அதற்கும் மேலே. கடைசியில் ஒரு முதன்மைக் கடிகாரம் நிற்கிறது. அதன் துல்லியம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது என்று ஜி.811 பரிந்துரை சொல்கிறது. ஆகவே ஒரு சிற்றூர்க் கிளையின் அலமாரிக்குள் இருக்கும் ரவுட்டர், தான் அனுப்பும் ஒவ்வொரு பிட்டையும் நாட்டின் தொலைத்தொடர்புக் கடிகாரத்தின் துடிப்பில்தான் அனுப்புகிறது. அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி நம் கையில் இருக்கிறது. அதை நாம் அறுக்காமல் இருக்க வேண்டும்.

அறுப்பது எப்படி நடக்கிறது? பயிற்சிக்கூடத்தில் கற்ற பாடம் அதற்கு ஒரு காரணம். பயிற்சிக்கூடத்தில் லீஸ்டு லைன் கிடையாது. இரண்டு ரவுட்டரைப் பக்கத்தில் வைத்து, டிடிஇ கேபிளையும் டிசிஇ கேபிளையும் முதுகோடு முதுகு சேர்த்து, டிசிஇ பக்கத்தில் 'க்ளாக் ரேட் 64000' என்று தட்டச் சொல்வார்கள். இணைப்பு உடனே எழுந்துவிடும். மாணவர் மனத்தில் பதிவது: க்ளாக் என்பது ரவுட்டர் தருவது, அது ஒரு கட்டளை. களத்தில் பெரும்பாலும் நிலைமை நேர்மாறு. ரவுட்டர் க்ளாக்கைப் பெறுகிறது. 'டிடிஇ பக்கத்தில் அந்தக் கட்டளையைத் தட்டினாலும் ரவுட்டர் ஏற்றுக்கொள்ளாதே, அதனால் என்ன கெடுதல்?' என்று கேட்கலாம். கேள்வி சரிதான், இந்தக் கட்டளை டிசிஇ போர்ட்டுக்கு மட்டுமே என்று சொல்லி ரவுட்டர் மறுத்துவிடும். கெடுதல் கட்டளையில் இல்லை, அது வளர்த்துவிடும் எண்ணத்தில் இருக்கிறது. க்ளாக்கை நாமே தரலாம் என்று பழகியவர் மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குப் போகும்போது அங்கே மூன்று தேர்வுகள் காத்திருக்கும்: இன்டர்னல், எக்ஸ்டர்னல், ரிசீவ். மோடம் தானே துடிப்பை உண்டாக்குவது முதலாவது. ரவுட்டர் பக்கமிருந்து வாங்குவது இரண்டாவது. லைனில் வரும் தகவலிலிருந்து எடுத்துக்கொள்வது மூன்றாவது. எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போகும் லைனில் மூன்றாவதே சரி. இன்டர்னல் என்று வைத்துவிட்டால் ரவுட்டர் எந்தக் குறையும் சொல்லாது. அதற்கு வேண்டிய துடிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. குறை வேறிடத்தில் தொடங்கிவிடும்.

அந்தக் குறையின் அளவைக் கணக்குப் போட்டே காட்டலாம். இ1 இணைப்பில் வேகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை கூடவோ குறையவோ அனுமதி உண்டு. 20,48,000-இல் அது விநாடிக்கு 102 பிட்டுக்குச் சற்று அதிகம். மோடத்தின் சொந்தக் கடிகாரம் அந்த எல்லையில் ஓடுகிறது, எக்ஸ்சேஞ்ச் சரியான வேகத்தில் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விநாடியும் 102 பிட் இடையிலுள்ள தாங்கு நினைவகத்தில் தேங்கும், அல்லது போதாமல் போகும். இரண்டரை விநாடியில் 256 பிட், அதாவது ஒரு முழு ஃபிரேம், தொலைந்தோ இரட்டித்தோ போகும். இதற்குத்தான் ஸ்லிப் என்று பெயர். கடிகாரம் நல்லதாக இருந்து, பத்து லட்சத்தில் ஒரே பங்கு மட்டும் பிசகினால்? விநாடிக்கு 2 பிட். 125 விநாடிக்கு ஒரு ஸ்லிப். இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். இணைப்பு எழுந்து நிற்கும். சிறு பிங் போய்வரும். நீண்ட கோப்பு அனுப்பும்போது மட்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எங்கோ தடுக்கும். முதன்மைக் கடிகாரத் துல்லியம் கொண்ட இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவே இதே ஸ்லிப் சுமார் 72 நாளுக்கு ஒருமுறைதான் நிகழும். இரண்டு நிமிடத்துக்கும் 72 நாளுக்கும் உள்ள இந்த வேறுபாடு மோடத்தின் ஒரே ஒரு தேர்வில் அடங்கியிருக்கிறது. கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் தனித்தனியே மனத்துக்குள் தாளம் போட்டால் முதல் ஆவர்த்தனத்தில் எதுவும் தெரியாது. இருவரும் தேர்ந்தவர்களாக இருந்தால் நாலைந்து ஆவர்த்தனம்கூடத் தாங்கும். பிறகு சமத்தில் இடிக்கும். இருவரின் திறமையையும் ஆராய்ந்து பயனில்லை. தாளம் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எக்ஸ்சேஞ்ச் இடையில் இல்லாமல் வெறும் செப்புக் கம்பி இணையின் இரு முனையிலும் மோடம் வைத்து, இரண்டையும் இன்டர்னல் என்று விட்டும் இணைப்பு பிழையின்றி ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு. அப்படியென்றால் மேலே சொன்னது தவறா? இல்லை. சீரியல் போர்ட்டில் அனுப்பும் திசைக்கு ஒரு க்ளாக், வாங்கும் திசைக்கு ஒரு க்ளாக் என்று தனித்தனிக் கம்பிகள் உண்டு. நடுவில் மூன்றாவது கடிகாரம் எதுவும் இல்லாதபோது ஒவ்வொரு திசையும் தன் துடிப்போடு தனியே ஓடிவிட முடியும். சில மோடங்கள் அதை அனுமதிக்கின்றன. அதே மோடங்களை எக்ஸ்சேஞ்ச் வழியே போகும் லைனுக்கு மாற்றினால் மூன்றாவது கடிகாரம் நடுவில் வந்துவிடும். பழைய வெற்றி அங்கே தவறான சாட்சி. செப்புக் கம்பியில் இரண்டையும் ரிசீவ் என்று வைத்தாலோ, இருவரும் ஒருவரையொருவர் பின்பற்ற, வழிநடத்த ஆளில்லாமல் துடிப்பு அலைபாயும். வெறும் கம்பியில் ஒரு முனை இன்டர்னல், மறுமுனை ரிசீவ். வலையமைப்பில் இரு முனையும் ரிசீவ். எந்த இடத்தில் எது என்று சொல்ல, நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைக் கட்டளைப் புத்தகம் சொல்லாது. லைன் கொடுத்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

க்ளாக் சரியான இடத்திலிருந்து வந்தாலும் சரியான நேரத்தில் வருகிறதா என்பது அடுத்த கேள்வி. பல ஆண்டுகள் 64 கிலோபிட்டில் நன்றாக ஓடிய லைனை 2 மெகாபிட்டுக்கு உயர்த்திய அன்றே பிழைகள் கொட்டத் தொடங்குவது இத்துறையில் நன்கு அறிந்த காட்சி. கேபிள் மாறவில்லை, ரவுட்டர் மாறவில்லை. மாறியது ஒரு பிட்டின் நீளம். 64 கிலோபிட்டில் ஒரு பிட் 15,625 நானோவிநாடி நீடிக்கும். 2,048 கிலோபிட்டில் 488 நானோவிநாடிதான். மோடம் தரும் துடிப்பு கேபிள் வழியாக ரவுட்டரை அடைந்து, ரவுட்டர் அந்தத் துடிப்புக்கு ஒரு பிட்டை வெளியே தள்ளி, அந்தப் பிட் அதே கேபிளில் திரும்பி மோடத்தை அடைய வேண்டும். கம்பியில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோவிநாடி. 15 மீட்டர் கேபிளில் போகவர 150 நானோவிநாடி. இருபக்க மின்சுற்றுகளின் தாமதம் அதற்கு மேல். மெதுவான லைனில் அது பிட்டின் நூற்றில் ஒரு பங்கு. வேகமான லைனில் கேபிள் மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மோடம் பிட்டைப் படிக்கும் கணத்தில் அந்தப் பிட் மாறிக்கொண்டிருக்கலாம். இதற்கு மருந்து வி.35-இலேயே இருக்கிறது. ரவுட்டர் தான் வாங்கிய துடிப்பை, அனுப்பும் தகவலோடு சேர்த்தே திருப்பி அனுப்பும் தனிக் கம்பி ஒன்று உண்டு, எஸ்சிடிஇ என்பார்கள். மோடம் தன் சொந்தத் துடிப்பை விட்டு, திரும்பி வரும் இந்தத் துடிப்பைக் கொண்டு படித்தால் இரண்டும் ஒன்றாகவே பயணம் செய்திருக்கும். தாமதம் ஒரு பொருட்டே இல்லை. மோடத்தில் அந்த வசதி இல்லையென்றால் துடிப்பைத் தலைகீழாக்கி அரை பிட் நகர்த்தும் கட்டளை ரவுட்டரில் உண்டு; கேபிளைக் குட்டையாக்குவது எல்லாவற்றிலும் எளிது.

நேரத்தைப் பற்றிய உடன்பாடு முடிந்த பிறகே செய்தியின் வடிவம் பற்றிய உடன்பாடு வருகிறது. ஓயாமல் ஓடும் பிட் வரிசையில் ஒரு ஃபிரேம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? எச்டிஎல்சி முறையில் 01111110 என்ற எட்டு பிட் எல்லைக் கல்லாக நிற்கிறது. இதைக் கொடி என்பார்கள். தகவலுக்குள்ளேயே அந்த வரிசை தற்செயலாக வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் அனுப்பும் முனை ஒரு சுழியத்தைச் செருகும். வாங்கும் முனை அதை எடுத்துவிடும். எல்லைக் கல்லையும் பயிரையும் பிரித்துக் காட்டும் அழகான ஏற்பாடு இது. ஆனால் உள்ளே இருப்பது ஐபி-யா வேறொன்றா என்று சொல்ல மூல எச்டிஎல்சியில் இடமில்லை. அதனால் தயாரிப்பாளர்கள் தத்தம் வழியில் ஒரு புலத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். சிஸ்கோ போர்ட்டில் எதுவும் சொல்லாமல் விட்டால் ஓடுவது சிஸ்கோவின் எச்டிஎல்சி. எதிர்முனையில் வேறு நிறுவனத்தின் ரவுட்டர் இருந்தால் போர்ட் அப், புரோட்டோகால் டவுன் என்று நிற்கும். 1994-இல் ஆர்எஃப்சி 1661 ஆக வெளிவந்த பிபிபி இந்தப் பிளவை மூடியது. எல்லா நிறுவனத்துக்கும் பொது.

'இரண்டு பக்கமும் சிஸ்கோ இருக்கும்போது பிபிபி எதற்கு? எச்டிஎல்சி இலேசானது' என்பது பரவலான வாதம். எண்ணிப் பார்த்தால் அது நிற்காது. சிஸ்கோ எச்டிஎல்சியின் தலைப்பு நாலு பைட்: முகவரி ஒன்று, கட்டுப்பாடு ஒன்று, வகை இரண்டு. பிபிபியின் தலைப்பும் வழக்கமாக அதே நாலு பைட். ஒரு பிட்கூட மிச்சமில்லை. பிபிபி தருவதோ அதிகம். இணைப்பு எழும்போதே இரு முனைகளும் ஒன்றோடொன்று பேசி விவரங்களை ஒத்துக்கொள்கின்றன. சாப் முறையில் எதிர்முனை யார் என்று சோதிக்கலாம். ஒவ்வொரு முனையும் எடுத்துக்கொள்ளும் மேஜிக் எண் தானே திரும்பி வந்தால் லைன் எங்கோ லூப் ஆகியிருக்கிறது என்று உடனே தெரியும். இன்று இரண்டு பக்கமும் ஒரே நிறுவனம் என்பது உண்மைதான். நாளை ஒரு பக்கம் பழுதாகி மாற்று ரவுட்டர் வரும்போது அந்த உண்மை மாறலாம். அப்போது நடுராத்திரியில் வேலை பார்ப்பவருக்கு அந்தப் பழைய எடுகோள் தெரிந்திருக்காது. சொல்லாமல் விட்ட உடன்பாடு மற்றவருக்குப் பொறி. 'என்கேப்சுலேஷன் பிபிபி' என்ற ஒரு வரி அதை வெளிப்படையாக்கிவிடுகிறது.

மௌனத்தால் வரும் தீங்குக்கு இன்னும் தெளிவான சான்று 'பேண்ட்வித்' கட்டளை. இது லைனின் வேகத்தை ஒரு பிட்கூட மாற்றாது. வேகம் க்ளாக்கில் இருக்கிறது. இது ரவுட்டிங் புரோட்டோகாலுக்குச் சொல்லும் தகவல் மட்டுமே. சொல்லாமல் விட்டால் சிஸ்கோ சீரியல் போர்ட் தன் வேகத்தை 1,544 கிலோபிட் என்று எடுத்துக்கொள்ளும். அது அமெரிக்காவின் டி1 வேகம். இந்தியா பின்பற்றும் அடுக்கில் அந்த வேகமே கிடையாது. ஒரு கிளைக்கு 2 மெகாபிட் முதன்மை லைனும் 64 கிலோபிட் மாற்று லைனும் இருக்கின்றன என்று கொள்வோம். ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் புரோட்டோகால் வழக்கமாகப் பத்துக் கோடியை வேகத்தால் வகுத்துச் செலவைக் கணக்கிடும். உண்மை வேகங்களைச் சொல்லியிருந்தால் முதன்மை லைனின் செலவு 48, மாற்று லைனின் செலவு 1,562. போக்குவரத்து முழுவதும் முதன்மை லைனில் போகும். இரண்டிலும் சொல்லாமல் விட்டால் இரண்டின் செலவும் 64. ரவுட்டர் இரண்டையும் சமமாகக் கருதி, போக்குவரத்தைப் பங்கிட்டு, முப்பத்திரண்டில் ஒரு பங்கு வேகமே உள்ள லைனில் பாதிச் சுமையை ஏற்றிவிடும். லைன் இரண்டும் நலமாக இருக்கும், பயனாளர் தவிப்பார். 'இயல்பாக இருக்கும் மதிப்புகளே போதும்' என்பவர்களுக்கு என் பதில் இந்தக் கணக்குதான். இயல்பு மதிப்பு என்பது வேறொருவர் வேறோர் ஊருக்காகச் செய்த உடன்பாடு.

'லிங்க் வந்திருச்சு சார்' என்ற சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறதா? முதலில் அப், அப் என்று காட்டும் திரையின் பொருளைப் பார்க்க வேண்டும். முதல் அப், மோடத்திடமிருந்து கேரியர் சைகை வருகிறது என்று சொல்கிறது. இரண்டாவது அப், எதிர்முனையின் கீப்அலைவ் செய்தி வந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறது. சிஸ்கோ எச்டிஎல்சியில் பத்து விநாடிக்கு ஒருமுறை வரிசை எண்ணோடு அது போகும். தொடர்ந்து சில முறை வராவிட்டால் புரோட்டோகால் டவுன். சில இடங்களில் போர்ட்டை எப்படியாவது அப் என்று காட்டுவதற்காக 'நோ கீப்அலைவ்' என்று தட்டிவிடுவார்கள். எக்ஸ்சேஞ்சில் லூப் போட்டுச் சோதிக்கும் சிறிது நேரத்துக்கு அது பொருத்தமாக இருக்கலாம். நிரந்தரமாக விட்டால் எதிர்முனை செத்தாலும் இந்த முனைக்குத் தெரியாது; ரவுட்டர் பாக்கெட்டுகளைப் பாழ்வெளியில் கொட்டிக்கொண்டிருக்கும், மாற்று லைன் சும்மா கிடக்கும். நாடி பார்ப்பதை நிறுத்திவிட்டு நோயாளி நலம் என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அதனால் உண்மையான சான்று அந்த இரண்டு சொல்லுக்குக் கீழே உள்ள எண்களில் இருக்கிறது. சிஆர்சி ஏறினால் பிட்டுகள் வழியில் கெடுகின்றன: இரைச்சல், நீளமான கேபிள், பிசகிய க்ளாக். ஃபிரேம் பிழை ஏறினால் எட்டால் வகுபடாத துண்டுகள் வருகின்றன. அபார்ட் ஏறினால் ஏழோ அதற்கு மேலோ ஒன்றுகள் தொடர்ந்து வந்து ஃபிரேம் நடுவில் அறுந்திருக்கிறது. கேரியர் டிரான்சிஷன் ஏறினால் மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே உள்ள கம்பியைப் பார்க்க வேண்டும். எண்களைச் சுழியமாக்கிவிட்டு, ஒரு மணி நேரம் சுமையேற்றி ஓடவிட்டு, திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்று கண்ட பிறகே வேலை முடிந்தது என்று கையெழுத்திடலாம்.

இனி மிகப் பெரிய மறுப்பு. லீஸ்டு லைன் காலம் போய்விட்டது, இன்று கண்ணாடி இழையில் ஈதர்நெட் வருகிறது, செருகினால் வேலை செய்கிறது, வி.35 கேபிளை அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்பார்கள். இதில் பாதி உண்மை. புதிய கிளைக்கு 64 கிலோபிட் லைன் யாரும் கேட்பதில்லை. ஆனால் மின்தொகுப்பின் துணைமின் நிலையங்களில் பாதுகாப்புச் சைகைகளைக் கொண்டுபோகும் கருவிகளிலும் செயற்கைக்கோள் மோடங்களிலும் ஜி.703, எக்ஸ்.21, வி.35 போர்ட்டுகள் இன்னும் வேலை செய்கின்றன. தாமதம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற தேவை உள்ள இடங்களில் அவற்றை அவசரப்பட்டு அகற்ற முடிவதில்லை. அதைவிட முக்கியமான பதில் ஒன்று உண்டு. ஈதர்நெட் போர்ட் ஒவ்வொன்றும் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை பிசகலாம் என்ற தளர்ச்சியோடு பிறந்தது. அதனால்தான் அங்கே க்ளாக் யாருடையது என்று கேட்காமல் வேலை நடந்தது. செல்பேசிக் கோபுரங்களை அதே ஈதர்நெட்டில் இணைக்கத் தொடங்கியதும் அந்தத் தளர்ச்சி போதவில்லை. ஒரே அலைவரிசையில் நேரம் பிரித்துப் பேசும் கோபுரங்கள் பொது நேரத்திலிருந்து ஒன்றரை மைக்ரோவிநாடிக்கு மேல் விலகக் கூடாது. ஈதர்நெட்டின் மேல் துடிப்பைக் கொண்டுபோக ஜி.8262 பரிந்துரை வந்தது. நேரத்தைப் பாக்கெட்டில் கொண்டுபோக ஐஈஈஈ 1588 வந்தது. 5ஜி கோபுரத்தின் அடியில் நிற்கும் பொறியாளர் இன்று கேட்பதும், சீரியல் போர்ட்டின் முன் நின்றவர் கேட்டதும் ஒரே கேள்வி: இங்கே துடிப்பு யாரிடமிருந்து வருகிறது, அது அறுந்தால் அடுத்தது யார்?

தானியங்கிக் கருவிகள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பது கடைசி மறுப்பு. கருவிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கேபிளை அறிவது, பிபிபியில் விவரங்களைப் பேசி முடிப்பது, நூறு கிளைகளுக்கு ஒரே மாதிரியான கட்டளைகளை அனுப்புவது எல்லாம் கருவி செய்யட்டும். ஆனால் பேச்சுவார்த்தை நடக்க முதலில் பிட்டுகள் சரியாகப் படிக்கப்பட வேண்டும். பிட்டுகள் சரியாகப் படிக்கப்பட க்ளாக் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். எல்லா உடன்பாட்டுக்கும் அடியில் கிடக்கும் உடன்பாட்டை, அதன் மேல் நடக்கும் பேச்சால் முடிவுசெய்ய முடியாது. லைனில் பேசித் தீராததை லைன் கொடுத்தவர், மோடம் வைத்தவர், எதிர்முனையில் இருப்பவர் என்ற மூவரும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

பேசித் தீர்த்ததை எழுதிவைக்கவும் வேண்டும். ரவுட்டரின் ஒவ்வொரு போர்ட்டிலும் 'டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு வரி எழுத இடம் உண்டு. அது எந்த பிட்டையும் நகர்த்துவதில்லை என்பதால் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படுகிறது, அல்லது ஊர்ப் பெயரோடு நின்றுவிடுகிறது. சர்க்யூட் எண், வேகம், மோடத்தின் க்ளாக் தேர்வு, துடிப்பு எங்கிருந்து வருகிறது ஆகிய நான்கையும் அந்த ஒரு வரியில் எழுதிவிடலாம். கேபிளின் இரு முனையிலும் அதே வரியைச் சீட்டாகக் கட்டிவிடலாம். அடுத்து அந்த அலமாரியைத் திறப்பவர் யார் என்று தெரியாது. கதவைத் திறந்ததும் அவருக்கு முதலில் தேவைப்படும் பதில் அங்கே எழுதப்பட்டிருந்தால், இரண்டு நிமிட வேலை அவருக்கு இரண்டு நிமிடத்திலேயே முடியும்.